கோப்பு மூடப்பட்ட நாள்

கால்நடைகளைக் கொடுமை செய்வோரைத் தண்டிக்க இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய ஆண்டு 1822. பிள்ளைகளைக் கொடுமை செய்வோரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் பிறந்ததோ 1889-இல்! மாடு பெற்ற நீதியை மகவு பெற 67 ஆண்டுகள்! இல்லத்துக்குள் தந்தை வைத்ததே சட்டம், அங்கே அரசுக்கு அலுவல் இல்லை என்ற பழங்கருத்து அவ்வளவு வலிவாக வேரூன்றியிருந்தது.

சட்டம் வந்தது, காவல் வந்ததா? 1945-இல் டென்னிசு ஓ'நீல் என்னும் 12 வயதுச் சிறுவன், வளர்க்க விடப்பட்ட பண்ணை வீட்டில் பட்டினியாலும் அடியாலும் மாண்டான். அவனை அனுப்பியது நியூபோர்ட் நகராட்சி. பண்ணை இருந்ததோ சுராப்சயரில். பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதில் இரு நிருவாகங்களுக்கும் தெளிவில்லை. 1948-இல் புதுச் சட்டம் எழுந்தது.

1973-இல் பிரைட்டன் நகரில் மரியா கோல்வெல், வயது 7, மாற்றாந்தந்தையால் கொல்லப்பட்டாள். அண்டை வீட்டார் முறையிட்டிருந்தனர், ஆசிரியையும் எடுத்துரைத்திருந்தார். ஒவ்வொருவரிடமும் உண்மையின் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. 1974 விசாரணைக்குப் பின்னரே மருத்துவர், காவலர், ஆசிரியர், நலப்பணியாளர் ஒரே மேசையைச் சுற்றி அமரும் கலந்தாய்வு முறை நாடெங்கும் பரவிற்று.

மேசை போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்றா எண்ணுகிறீர், தோழர்காள்? விக்டோரியா கிளிம்பியின் கதையைக் கேளுங்கள். ஐவரி கோசுட்டு நாட்டுச் சிறுமி. நல்ல கல்வி கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் உறவுக்காரியுடன் அனுப்பினர். 1999-இல் இலண்டன் வந்தவள் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவில்லை. அவள் உண்மைப் பெயரைக்கூட அலுவலர்கள் அறியார். அன்னா என்றே எழுதி வைத்தனர். அவ்வாண்டு சூலையில் மட்டும் இருமுறை மருத்துவமனை சேர்ந்தாள். முதன்முறை, காயங்களைக் கண்ட மருத்துவர் ஐயுற்றார்; மூத்த மருத்துவரோ சொறிநோய் என்றார். சொறி என்ற சொல் காவலர் காதிலும் விழுந்தது. அது தொற்றிக்கொள்ளுமோ என்றஞ்சி, அந்த வீட்டுப் படியேறவே பெண் காவலர் தயங்கினார்!

நோய்க்கு அஞ்சியோர் ஒருபுறம்; பேய்க்கு அஞ்சியோர் மறுபுறம். குழந்தையைப் பேய் பிடித்ததென்று உறவுக்காரி வழிபாட்டிடம் அழைத்துச் சென்றாள். போதகர் ஒருவர் அதை நம்பி வேண்டுதல் செய்தார். வதையின் தழும்பைப் பேயின் அடையாளமாகப் படிக்கும் பகுத்தறிவற்ற கண், கொடியவருக்கு எத்துணை வசதியான திரை!

2000 பிப்ரவரி 25 அன்று அவள் இறந்தாள். வயது 8. உடலில் 128 காயங்கள். நான்கு உள்ளாட்சிகளின் நலத்துறைகள், இரண்டு காவற்பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள் அனைத்தும் அவளை அறிந்திருந்தன. அவளைக் காக்கப் பன்னிரண்டு வாய்ப்புகளேனும் வந்து நழுவின என்று கணக்கிட்டார் விசாரணை நடத்திய லேமிங் பிரபு. அவள் இறந்த அதே நாளில்தான், ஆரிங்கே உள்ளாட்சியின் நலத்துறை அவளது கோப்பை முறைப்படி மூடியது. பணி முடிந்ததாம்!

2003-இல் லேமிங் அறிக்கை 108 பரிந்துரைகளை வைத்தது. 2004-இல் சட்டம். 2017-இல் இன்னொரு சட்டம். உள்ளாட்சி, காவல், மருத்துவம் மூன்றும் சமபொறுப்பாளர் என்றது. பள்ளிக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. தொடர்புடைய அமைப்பு என்று அழைத்தால் வந்து சேரலாம் என்றது அச்சட்டம். வாரத்தில் ஐந்து நாள் குழந்தையின் முகம் பார்க்கும் ஆசிரியரைப் பின்வரிசைக்கு அனுப்பிய அந்தக் கணக்கு, கரும்பலகை முன் நிற்கும் நமக்கு விளங்கவில்லை.