அடிமைக் கவிஞர் ஹார்ட்டன்

அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் அடிமையாய்ப் பிறந்த ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன், தாமே முயன்று வாசிக்கக் கற்றவர். சாப்பல்ஹில் சர்வகலாசாலை மாணாக்கர் தம் காதலியருக்கு அனுப்பும்பொருட்டுக் கவிகள் பாடிக்கொடுத்துப் பொருளீட்டினார்; அவர் வாயாற் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டனர்.

1829-இல் வெளிவந்த தம் முதல் நூலில் அடிமைத்தனத்தின் கொடுமையை வெளிப்படையாகவே கண்டித்துப் பாடினார். அதனை விற்று அவரை மீட்பதே வெளியிட்டோர் கருத்து. வந்த பணமோ போதவில்லை. 1830-இல் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலையே அம்மாகாணம் சட்டத்தால் தடுத்தது. ஹார்ட்டனோ அதன் பின்னரும் முயன்று எழுதக் கற்றார்.

பிறர் காதலுக்குக் கவி விற்ற அவர், தம்மை விலைகொடுத்து மீட்க இயலாது, 1865-இல் உள்நாட்டுப் போரின் முடிவிலேயே விடுதலையுற்றார். உடலுக்கு விலை குறித்தோரால் அவர் நாவைக் கட்ட முடியவில்லை என்பதை நம் இளைஞர் உணர்வார்களாக.