சுருட்டும் விளையாட்டு அணியும்: தமிழ்நாட்டில் இரு பொழுதுபோக்குகளின் வரலாறு

சுருட்டு புகைப்பதும் விருப்பமான விளையாட்டு அணியைப் பின்தொடர்வதும் மேலை நாடுகளில் ஒருசேரப் பேசப்படும் பொழுதுபோக்குகளாகும். அமெரிக்கக் கூடைப்பந்து அணியான பாஸ்டன் செல்டிக்ஸின் பயிற்சியாளராக 1950 முதல் 1966 வரை இருந்த ரெட் அவர்பாக், வெற்றி உறுதியானதும் ஆட்டம் முடிவதற்கு முன்பே தன் இருக்கையில் அமர்ந்தபடி சுருட்டைப் பற்றவைப்பார். அந்தச் சுருட்டு அவ்வணியின் அடையாளங்களுள் ஒன்றானது. ‘வெற்றிச் சுருட்டு’ என்ற வழக்கம் அமெரிக்க ரசிகர்களிடம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இவ்விரண்டு பொழுதுபோக்குகளும் தமிழ்நாட்டிலும் சந்தித்துக்கொண்டன. ஆனால் அந்தச் சந்திப்பு இயல்பாக நிகழ்ந்ததன்று. காலனிய ஆட்சியும் அதன்பின் புகையிலை வணிகமும் அவற்றை இணைத்தன. 2003ஆம் ஆண்டின் சட்டம் அவற்றைப் பிரித்தது. அந்த இணைப்பையும் பிரிவையும், புகையிலையைச் சுற்றிய கைகளையும் பற்றியது இக்கட்டுரை.

சொல்லும் இலையும்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பயிர் வெளியிலிருந்து வந்தாலும், அதைச் சுருட்டிப் புகைக்கும் பொருளுக்கு ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட ‘செரூட்’ என்ற பெயர் தமிழின் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சுருட்டுவது என்ற வினையே பொருளின் பெயராகி, பின்னர் ஐரோப்பிய மொழிகளின் அகராதிகளில் ஏறியது.

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தின் மண் சுருட்டுப் புகையிலைக்கு ஏற்றது. அங்கு விளைந்த இலை திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, குறிப்பாக உறையூரில், சுருட்டாக மாறியது. 19ஆம் நூற்றாண்டில் ‘டிரிச்சினாப்பள்ளி’ என்பது ஆங்கிலேயரிடையே ஊரின் பெயராக மட்டுமன்றி ஒரு சுருட்டின் பெயராகவும் வழங்கியது. ஆர்தர் கோனான் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டு அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் முடிவு செய்கிறார். இலண்டன் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அச்சுருட்டு அறிமுகமாகியிருந்தது.

சென்னையில் 1863இல் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அதன் ‘லைட் ஆஃப் ஏசியா’ சுருட்டு கடல் கடந்தும் விற்பனையானது. விடுதலைக்குப் பின் 1948இல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கான ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திலும் சுருட்டுத் தொழில் செழித்திருந்தது. அங்குத் தொழிலாளர் கூடிச் சுருட்டும் இடம் ‘சுருட்டுக் கொட்டில்’ எனப்பட்டது. ஒருவர் நாளிதழையோ கதையையோ உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுவது அங்கு வழக்கம். கியூபாவின் ஹவானா நகரத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இத்தகைய வாசிப்பு நடந்தது. கை வேலையில் கட்டுண்டிருந்தாலும் காது விடுதலையாக இருந்தது.

மன்றமும் மைதானமும்

சுருட்டை ஓய்வு நேர இன்பமாக நுகர்ந்தவர்களில் முன்னிலையில் இருந்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகளும் படைவீரர்களும் ஆவர். விளையாட்டு மைதானமும் அவர்கள் கையில்தான் இருந்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தொடங்கப்பட்டு, 1865இல் சேப்பாக்கத்திற்கு வந்தது. தொடக்க காலத்தில் அது ஐரோப்பியருக்கான மன்றம்.

அக்கால அதிகாரிகளின் ஓய்வு வாழ்வுக்கு எடுத்துக்காட்டாக வின்ஸ்டன் சர்ச்சிலைக் கூறலாம். அவர் இளம் அதிகாரியாக 1896இல் தம் குதிரைப்படையுடன் பெங்களூருக்கு வந்தார். அங்கு அவருடைய பெரும் நாட்டம் போலோ ஆட்டத்தில் இருந்தது. பூனாவிலிருந்த மற்றொரு படைப்பிரிவின் பயிற்சி பெற்ற குதிரைகளை மொத்தமாக வாங்கிய அவருடைய படைப்பிரிவு, வந்த சில வாரங்களிலேயே ஐதராபாத்தில் கோல்கொண்டா கோப்பையை வென்றது. 1899இல் மீரட்டில் நடந்த படைப்பிரிவுகளுக்கிடையிலான போட்டியையும் வென்றது.

சர்ச்சிலின் சுருட்டு திருச்சியிலிருந்து சென்றது என்ற செய்தி தமிழ்நாட்டில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. ஆயினும் அவருடைய சுருட்டுப் பழக்கத்துக்கு அழுத்தமான அடித்தளமிட்டது 1895இல் அவர் மேற்கொண்ட கியூபா பயணமாகும். பிற்காலத்தில் அவர் பெரிதும் விரும்பியவையும் ஹவானாச் சுருட்டுகளே.

சென்னையில் இந்தியர் விளையாட்டு மைதானத்தில் இடம்பெற்ற கதையில் புச்சிபாபு நாயுடுவின் பெயர் முதன்மையானது. அவர் 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதும் ஆட்டத்திற்கு அவர் வழிவகுத்தார். ஆனால் 1908 டிசம்பரில் அந்த முதல் ஆட்டம் நடக்கும் முன்பே அவர் காலமானார். ‘பிரசிடென்சி ஆட்டம்’ என்று பெயர்பெற்ற அப்போட்டி பின்னர்ப் பொங்கல் காலத்து நிகழ்வாகி, 1952 வரை நடந்தது. சென்னை மக்களுக்கு ‘நம் அணி’ என்ற உணர்வை ஊட்டியவற்றுள் அதுவும் ஒன்று.

1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னையும் மைசூரும் அங்கேயே மோதின. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. 1952 பிப்ரவரி 10 அன்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் பெற்றது.

மைதானத்துக்குச் செல்ல இயலாதவர்களுக்கு வானொலி கைகொடுத்தது. பின்னாளில் தமிழிலேயே கிரிக்கெட் வர்ணனை ஒலிபரப்பானது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் வர்ணனையால், ஆங்கிலம் அறியாதவரும் பந்துக்குப் பந்து ஆட்டத்தைத் தொடர முடிந்தது. மன்றத்துக்குள் இருந்த பொழுதுபோக்கு தேநீர்க் கடைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது.

வணிகம் கட்டிய பாலம்

ரசிகரின் அணிப்பற்றைப் புகையிலை நிறுவனங்கள் வெகு முன்பே கண்டுகொண்டன. இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் வீரர்களின் படங்கள் அச்சிட்ட அட்டைகளைச் சிகரெட் பெட்டிகளில் வைத்து வெளியிட்டது. அட்டைத் தொகுதியை நிறைவு செய்ய வேண்டுமானால் பெட்டிகளைத் தொடர்ந்து வாங்க வேண்டும். வீரர்மீது கொண்ட அன்பு இவ்வாறு விற்பனையாக மாறியது.

வில்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் இணைந்து 1901இல் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் உருவானது. 1910இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியாவே பின்னர் ஐ.டி.சி. என்ற பெயரைப் பெற்றது. முதல் அட்டைத் தொகுதி வெளிவந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1996இல் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளில் நடந்த உலகக் கோப்பை ‘வில்ஸ் உலகக் கோப்பை’ என்ற பெயரைத் தாங்கியது. அதன் காலிறுதி ஆட்டங்களுள் ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே மார்ச் 11 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது.

இந்திய அணியின் சட்டையிலும் அப்பெயர் இருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த பன்னாட்டு டென்னிஸ் போட்டியும் 1990களின் பிற்பகுதியில் ‘கோல்ட் பிளேக்’ என்ற சிகரெட் பெயரால் வழங்கியது. அக்காலத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்த ஒரு சிறுவன், தன் விருப்பமான வீரரின் நெஞ்சில் ஒரு சிகரெட்டின் பெயரைப் படித்தபடியே வளர்ந்தான்.

சுற்றும் கைகள்: வேலூர் வட்டாரம்

புகையிலையை நுகர்ந்தவர்களின் வரலாறு நன்கு எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியவர்களின் வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இங்கு வேலூர் மாவட்டம் கவனத்திற்குரியது. கணியம்பாடி, வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலை செல்லும் வழியில் உள்ள ஊரும் ஊராட்சி ஒன்றியமும் ஆகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம் தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் அறியப்படுவது. இதே வட்டாரம், குறிப்பாக வேலூரும் குடியாத்தமும், திருநெல்வேலிப் பகுதியுடன் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதன்மையான பீடித் தொழில் பகுதிகளாகும். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது.

பீடி, ஏழையின் சுருட்டு. சுருட்டில் உள்ளும் புறமும் புகையிலையே. பீடியில் புறத்தே இருப்பது நடு இந்தியக் காடுகளிலிருந்து வரும் தெந்து மரத்தின் இலை. அதை நீரில் நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, புகையிலைத் தூளை இட்டு உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்கின்றனர். கூலி 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. இலையையும் தூளையும் தரும் ஒப்பந்தக்காரர், சரியில்லை என்று கழிக்கும் பீடிக்குக் கூலி இல்லை.

இத்தொழிலாளர்களுக்காக 1966இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே பீடியும் சுருட்டும் சேர்ந்து இடம்பெற்றுள்ளன: ‘பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் (பணி நிலைமைகள்) சட்டம்’. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை தந்தாலும் முதலாளிக்குப் பொறுப்புண்டு என்பது அதன் மையமாக இருந்தது. பீடி உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இல் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குழந்தைகள் செய்யக் கூடாத பணிகளுள் பீடி சுற்றுவதையும் சேர்த்தது. முன்பணத்திற்காகக் குழந்தைகள் பீடி வேலையில் அடகுபோன நிலை அக்கால வடஆற்காட்டில் இருந்தது. 1996இல் வெளிவந்த மனித உரிமை அமைப்பொன்றின் அறிக்கை அதைப் பதிவு செய்தது. உலகக் கோப்பையின் முகப்பில் ஒரு புகையிலைப் பெயர் மின்னிய அதே ஆண்டு அது.

உடல் சொல்லும் கணக்கு

கணியம்பாடி ஒன்றியத்துக்கு மருத்துவ ஆய்வில் தனி இடமுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை இவ்வொன்றியத்தின் ஊர்களில் பல்லாண்டுகளாகப் பிறப்பு, இறப்பு, நோய் ஆகியவற்றைப் பதிவு செய்து வருகிறது. இதயநோய்க்கு வழிவகுக்கும் காரணிகளை அறிய 1991–94இலும் 2010–12இலும் கணியம்பாடி ஊர்களிலும் வேலூர் நகரிலும் ஒரே வகையான கணக்கெடுப்பு இருமுறை நடந்தது.

புகையால் நேரும் இறப்பைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் கணக்கிட்டது வேறோர் ஆய்வு. சென்னை நகரிலும் விழுப்புரம் ஊரகத்திலும் 43,000 ஆண்களின் இறப்பை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டு, வி. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோரும் 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். நகரில் புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட 4 மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. புகை என்றால் புற்றுநோய் என்று மட்டுமே எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி.

பிரிவும் அதன்பின்னும்

ஐ.டி.சி. 2001இல் கிரிக்கெட் ஆதரவிலிருந்து விலகியது. 2003இல் சிகரெட்டுகள் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் நிறைவேறியது. புகையிலை விளம்பரத்துக்கும் விளையாட்டு ஆதரவுக்குமான தடை 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் கடுமையாக்கப்பட்டது.

புகையிலைப் பணம் இல்லாவிட்டால் விளையாட்டு தளரும் என்ற அச்சம் பொய்த்தது. அதே 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி உருவானது. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் அது ஐ.பி.எல். கோப்பையை வென்றது. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையுடன் கூடிய தலைமுறைக்கு, அணிப்பற்றைக் காட்ட ஒரு விசில் போதுமானதாக இருந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கி மாவட்டப் பெயர் தாங்கிய அணிகளையும் தந்தது. எனினும் பான் மசாலா, ஏலக்காய் ஆகியவற்றின் பெயரில் வரும் மறைமுக விளம்பரங்கள், பழைய பாலம் முற்றிலும் இடிந்துவிடவில்லை என்பதை நினைவூட்டுகின்றன.

மதிப்பீடு

சுருட்டும் அணிப்பற்றும் பிரிக்க முடியாத இணை அல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. புகையிலை விலகியபின் அணிப்பற்று குறையவில்லை, வளர்ந்தது. ஆனால் சட்டம் விளம்பரத்தை நிறுத்திய வேகத்தில், சுற்றும் கைகளுக்கு மாற்று வேலையைத் தரவில்லை. உறையூர்ச் சுருட்டின் புகழைப் பேசும்போது அதைச் சுருட்டியவர்களையும், வேலூர்ப் பீடியைப் பேசும்போது முறத்தைச் சுமந்த மடிகளையும் சேர்த்தே பேசுவது வரலாற்று மாணவருக்குக் கடமையாகும். உலகம் ஏற்றுக்கொண்ட அந்தத் தமிழ்ச் சொல், முதலில் குறித்தது புகையை அன்று. ஒரு கையின் வேலையை.