அண்டத் திகில் கதை

மனித இனம் தோன்றும் முன்பே இருந்த, மனிதரைப் பொருட்படுத்தாத கோர தெய்வங்களைப் பற்றிய கதை வகை. பேய்க்கு நம்மிடம் தீர்க்க ஒரு கணக்காவது இருக்கும். இந்தத் தெய்வங்களுக்கு அதுவும் கிடையாது. அமெரிக்கரான எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) இவ்வகையை நிலைநிறுத்தினார். 1928இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்த அவருடைய ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ கதையில், மூழ்கிய நகரொன்றில் தெய்வம் உறங்கிக் கிடக்கிறது.

தமிழில் இதற்கு மிக அருகில் வருவது புதுமைப்பித்தனின் (1906–1948) ‘கபாடபுரம்’. இடைச்சங்கம் இருந்ததென இறையனார் களவியல் உரை சொல்லும், கடல்கொண்ட அந்நகரைப் பெருமைப் பழங்கதையாகவே கேட்டு வந்தோம். அவர் அதைத் திகிலின் களமாக்கினார். தமிழ்ச் சிறுகதையின் துணிச்சலான பாய்ச்சல்களில் ஒன்று அது. அவருடைய ‘காஞ்சனை’யில் தெய்வம் இல்லை. ஆனால் வீட்டுக்குள் வந்தவள் யார் என்ற ஐயம் கடைசிவரை தீர்வதில்லை.

இந்தியில் ‘தும்பாட்’ (2018) திரைப்படம் ஹஸ்தர் என்ற கற்பனைத் தெய்வத்தைப் பேராசையோடு பிணைத்தது.

இவ்வகை தமிழில் பரவலாக வேரூன்றாததற்கு நம் காவல் தெய்வங்களும் ஒரு காரணமாகலாம். ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றிய திண்டுக்கல் சமவெளியில் கருப்பசாமி அரிவாளோடு நிற்பார். உருட்டிய விழிதான், ஆனாலும் கிடாவெட்டும் பொங்கலும் ஏற்பார், முறையிட்டால் கேட்பார்.