நான்கு சக்கர இயக்கத் தெரிவு சுவிட்சு

நான்கு சக்கர இயக்கத் தெரிவு சுவிட்சு என்பது, எஞ்சினின் ஆற்றல் வாகனத்தின் இரண்டு சக்கரங்களுக்குச் செல்லவேண்டுமா, நான்கு சக்கரங்களுக்கும் செல்லவேண்டுமா என்பதை ஓட்டுநர் தெரிவு செய்வதற்கான மின் சுவிட்சு ஆகும். பழைய ஜீப்புகளில் இருந்த கைநெம்புகோலின் வேலையை இது செய்கிறது. பெரும்பாலும் திருகு குமிழாகவும், சில வாகனங்களில் அழுத்து பொத்தானாகவும் அமைந்திருக்கும். ஒரே வாகனம் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வகைச் சுவிட்சுடன் விற்கப்படுவதுண்டு. ஆகவே ஒரு நாட்டுச் சந்தைக்கான சரக்குந்தின் சுவிட்சை வாங்கி, இன்னொரு நாட்டில் ஓடும் அதே வகை வாகனத்தில் பொருத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. சுவிட்சு ஆணையை மட்டுமே அனுப்புகிறது. அதை நிறைவேற்றும் உறுப்புகள் வாகனத்தின் அடியில் உள்ளன. அவை பொருந்தாவிடில் இம்மாற்றம் பயனற்றதாகவோ ஆபத்தானதாகவோ முடியலாம்.

வரலாறு

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பில், முன் அச்சை இணைக்க ஒரு நெம்புகோலும், உயர் வேகம், தாழ் வேகம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய இன்னொரு நெம்புகோலும் இருந்தன. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியபோது, இந்த நெம்புகோல் முறையே இந்நாட்டு ஓட்டுநர்களுக்கும் அறிமுகமாயிற்று. 1980களில் அமெரிக்க வாகனங்களில் பொத்தானை அழுத்தி இயக்கத்தை மாற்றும் மின்முறை பரவியது.

இந்தியாவில் மகிந்திரா ஸ்கார்ப்பியோவின் நான்கு சக்கர இயக்க வகைகளிலும், 2016இல் வெளிவந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் சரக்குந்திலும் சுழல் சுவிட்சு இடம்பெற்றது. எனினும் நெம்புகோல் மறைந்துவிடவில்லை. 2020இல் வெளிவந்த மகிந்திரா தார் வாகனத்தில் நெம்புகோலே உள்ளது. சுசுகி ஜிம்னியின் மூன்றாம் தலைமுறையில் பொத்தான் முறை புகுத்தப்பட்டது. 2018இல் வந்த நான்காம் தலைமுறை மீண்டும் நெம்புகோலுக்குத் திரும்பியது.

இயங்கும் முறை

கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் பகிர்வுப் பெட்டி அமைந்துள்ளது. ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்புவது இதுவே. ஓட்டுநர் குமிழைத் திருப்பியதும் பின்வரும் நிகழ்வுகள் வரிசையாக நடைபெறுகின்றன:

- சுவிட்சிலிருந்து மின்சமிக்ஞை கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செல்கிறது.
- கருவி வாகனத்தின் வேகத்தையும், தேவைப்படும்போது கியர், கிளட்ச், பிரேக் ஆகியவற்றின் நிலையையும் சரிபார்க்கிறது.
- பகிர்வுப் பெட்டியின் மீதுள்ள சிறு மின்மோட்டார் சுழன்று, உள்ளிருக்கும் கவட்டையை நகர்த்துகிறது. கவட்டை இணைப்பு வளையத்தைத் தள்ளி முன் அச்சுக்கான தண்டை இணைக்கிறது.
- நிலை உணரி, மோட்டார் எங்கு நிற்கிறது என்பதைக் கருவிக்குத் தெரிவிக்கிறது.
- மாற்றம் நடைபெறும்போது கருவிப்பலகையில் மினுமினுக்கும் விளக்கு, மாற்றம் முடிந்ததும் நிலையாக எரிகிறது.

நெம்புகோல் முறையில் பற்கள் பொருந்துவதை ஓட்டுநர் தம் கையாலேயே உணர்வார். சுவிட்சு முறையில் அந்த உணர்வு இல்லை. குமிழ் 4எச் என்னும் குறியில் நிற்பதாலேயே வாகனம் அந்நிலைக்கு வந்துவிட்டது எனக் கொள்ள இயலாது; விளக்கே அதற்குச் சான்று.

நிலைகள்

2எச்: இரு சக்கர இயக்கம். சாதாரணச் சாலைகளுக்கு உரியது.

4எச்: நான்கு சக்கர இயக்கம், உயர் வேக விகிதம். சேறு, மணல், ஈரமான மண்பாதை போன்றவற்றுக்கு உரியது. பல வாகனங்களில் ஓடும்போதே இந்நிலைக்கு மாற்றலாம். அதற்கான வேக வரம்பை உற்பத்தியாளரின் கையேடு குறிப்பிடும்.

4எல்: நான்கு சக்கர இயக்கம், தாழ் வேக விகிதம். செங்குத்தான ஏற்ற இறக்கங்களுக்கு உரியது. பொதுவாக வாகனத்தை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்தே இதற்கு மாற்றவேண்டும்.

என்: பகிர்வுப் பெட்டியின் நடுநிலை. பிறிதொரு வாகனத்தால் கட்டி இழுக்கப்படுவதற்காகச் சில வாகனங்களில் மட்டும் ஓட்டுநர் தெரிவு செய்யும் வகையில் உள்ளது.

மலைப்பாதையும் தெரிவு நிலையும்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஒரே பயணத்தில் பல வகைத் தரைகளைக் கடக்க நேரிடுகிறது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை வயல்கள் சூழ்ந்த சமவெளித் தார்ச்சாலை. மணிமுத்தாறுக்கு மேல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காட்டினூடே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களுக்குக் குறுகலான மலைப்பாதை ஏறுகிறது. இப்பகுதியின் தேயிலைத் தோட்டங்கள், சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் குத்தகைக்குப் பெறப்பட்ட நிலத்தில் உருவானவை. ஊத்து, நாலுமுக்கு ஆகியன தமிழ்நாட்டின் மிகுமழை பெறும் இடங்களுள் அடங்கும். இத்தகைய பாதையில் பிடிமானமுள்ள தரையும் வழுக்கும் தரையும் மாறி மாறி வருவதால், ஓட்டுநர் தெரிவு நிலையைப் பலமுறை மாற்றவேண்டியுள்ளது.

காரணம் வருமாறு. பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் தண்டுகள் இறுகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஆனால் வளைவில் முன் அச்சு, பின் அச்சைவிடப் பெரிய வட்டத்தில் செல்கிறது. அச்சுகளுக்கு இடையே 3.1 மீ தொலைவுள்ள ஒரு சரக்குந்தின் பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீ ஆரத்தில் கொண்டை ஊசி வளைவொன்றைச் சுற்றுவதாகக் கொள்வோம். அப்போது முன் அச்சின் ஆரம் ஏறத்தாழ 6.75 மீ ஆகும். அரை வட்டத்தில் பின் அச்சு 18.8 மீ தொலைவும், முன் அச்சு 21.2 மீ தொலைவும் செல்லும். வேறுபாடு ஏறத்தாழ 2.4 மீ, அதாவது இத்தகைய வாகனத்தின் டயர் ஒரு முழுச்சுற்று உருளும் அளவு. சேற்றில் டயர் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் அதற்கு இடமில்லை. தண்டுகள் முறுக்கேறித் திருப்புவது கடினமாகும்; டயரும் பற்சக்கரங்களும் தேயும்.

பிற சந்தை வகையின் சுவிட்சைப் பொருத்துதல்

உடைந்த சுவிட்சுக்கு மாற்று கிடைக்காமை, தம் வாகனத்தில் இல்லாத ஒரு நிலையைப் பெறும் விருப்பம், தோற்றம் ஆகியன இம்முயற்சிக்கு முக்கிய காரணங்கள். சரக்குந்துகளின் முதன்மை உற்பத்தி மையமான தாய்லாந்தும், அவற்றை மிகுதியாக வாங்கும் ஆஸ்திரேலியாவும் இந்தியாவைப் போலவே இடப்பக்கம் செல்லும் சாலை விதியைக் கொண்டவை. அதனால் அந்நாட்டு உதிரிபாகங்கள் இங்குள்ள வாகனத்தின் முகப்புப் பலகையில் எளிதாக அமர்ந்துவிடுகின்றன. ஆனால் குழியில் பொருந்துவது வேறு, மின்சுற்றுடன் பொருந்துவது வேறு.

சமிக்ஞை வேறுபாடு

சுவிட்சுகள் மூன்று முறைகளில் சமிக்ஞை அனுப்புகின்றன. முதல் வகையில் ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கம்பி உண்டு. இரண்டாம் வகையில் ஒரே கம்பியில் ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு மின்தடை இணைகிறது; கருவி மின்னழுத்தத்தை அளந்து நிலையை அறிகிறது. மூன்றாம் வகையில் சுவிட்சே எண்முறைச் செய்தியாகத் தகவல் அனுப்புகிறது.

இரண்டாம் வகையில் பிழைக்கு இடம் மிகுதி. ஒரு வாகனத்தின் கருவி 2.5 வோல்ட்டை 4எச் எனப் புரிந்துகொள்வதாகவும், பிற சந்தைச் சுவிட்சு அதே அளவை 4எல் நிலையில் தருவதாகவும் வைத்துக்கொள்வோம். குமிழில் உள்ள எழுத்து ஒன்றாகவும் பெட்டியில் நடப்பது வேறாகவும் இருக்கும். இணைப்பியின் வடிவம் ஒன்றாக இருந்தும் ஊசிகளின் வரிசை மாறியிருப்பதும் உண்டு.

இயந்திர வேறுபாடு

மிட்சுபிஷி டிரைட்டன் சரக்குந்து இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இதன் ஈசி செலக்ட் முறையில் 2எச், 4எச், 4எல் ஆகிய மூன்று நிலைகள் உள்ளன. சூப்பர் செலக்ட் முறையில் மைய டிஃபரென்ஷியல் இருப்பதால் 4எச் நிலையில் தார்ச்சாலையிலும் செல்லலாம்; அதைப் பூட்டுவதற்கு 4எச்எல்சி என்னும் தனி நிலை உண்டு. முன்னதில் பின்னதன் குமிழைப் பொருத்தினால், இல்லாத டிஃபரென்ஷியல் தோன்றிவிடாது. மாறாக, 4எச் என்ற அதே எழுத்தை நம்பித் தார்ச்சாலையில் ஓட்டுபவர் தம் வாகனத்தைப் பழுதாக்கிவிடுவார். சூப்பர் செலக்ட் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த பஜேரோ ஸ்போர்ட் வாகனத்தில், 2012 முதல் நெம்புகோல் வடிவில் அது இருந்தது.

சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு எண்டெவரும் இத்தகையதே. 2016இல் இந்தியாவில் வெளிவந்த தலைமுறையின் நான்கு சக்கர இயக்க வகையில், தரைக்கேற்ப ஆற்றலைத் தானாகப் பகிரும் முழுநேர முறை இருந்தது. அதே அடித்தளத்தில் உருவாகிப் பிற நாடுகளில் விற்கப்பட்ட ரேஞ்சர் சரக்குந்திலோ பகுதிநேர முறையும் 2எச், 4எச், 4எல் குமிழும் இருந்தன. அக்குமிழை மட்டும் மாற்றி எண்டெவரைப் பகுதிநேர முறைக்குக் கொண்டுவர இயலாது.

நடுநிலையில் நின்றுவிடும் ஆபத்து

பல பகிர்வுப் பெட்டிகளில் 4எச் நிலையிலிருந்து 4எல் நிலைக்குச் செல்லும் வழியில் நடுநிலை உள்ளது. சமிக்ஞை பிறழ்ந்தாலோ, மின்கலம் வலுவிழந்தாலோ, பற்கள் பொருந்தாவிட்டாலோ மோட்டார் அவ்விடத்தில் நின்றுவிடக்கூடும். அப்போது கியர் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடுகிறது. முதல் கியரில் விட்டாலும், தானியங்கி வாகனத்தில் பார்க்கிங் நிலையில் வைத்தாலும் சக்கரங்கள் பூட்டப்படா. கைப்பிரேக் ஒன்றே வாகனத்தைத் தாங்கும். எஞ்சின் பிரேக்கிங்கும் கிடைக்காது. சரிவில் நிறுத்திய வாகனம் தானே உருளத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஆதலால் சுவிட்சை மாற்றிய வாகனத்தைச் சமதரையில், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஒவ்வொரு நிலையையும் விளக்குடன் ஒப்பிட்டுச் சோதித்த பின்னரே மலைப்பாதைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பொருத்துமுன் உதிரிபாக எண், மின்சுற்று வரைபடம், ஒவ்வொரு நிலைக்குமான மின்தடை ஆகிய மூன்றையும் ஒப்பிடுவது முறை. வாகனத்தின் மூலக் கம்பித்தொகுதியை வெட்டாமல் இடைக்கம்பி ஒன்றைக் கொண்டு இணைத்தால், பழைய நிலைக்குத் திரும்புவது எளிதாகும்.

வெள்ளநீர்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை பெய்து தாமிரபரணியில் வெள்ளம் பெருகியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. நான்கு சக்கர இயக்கம் சேற்றிலிருந்து மீள உதவும். ஆனால் ஓடும் நீர் வாகனத்தை மிதக்கச் செய்து தள்ளும்போது பிடிமானமே இல்லாமற் போவதால் அதனால் பயனில்லை. மேலும், வாகனத்தின் அடியிலுள்ள மோட்டாரின் இணைப்பியில் நீர் புகுந்தால் தொடுமுனைகள் அரித்துப்போகும். வெள்ளத்திற்குப் பின் தெரிவு விளக்கு இடைவிடாது மினுமினுத்தால், சுவிட்சை மாற்றுமுன் இவ்விணைப்பியைச் சோதிப்பது நன்று.

சட்டநிலை

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைத்தல் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்தது. பழுதான சுவிட்சுக்கு அதே வகைச் சுவிட்சை இடுவது பழுதுபார்த்தலாகும். இரு சக்கர இயக்க வாகனத்தைப் பெட்டி, அச்சு உட்பட நான்கு சக்கர இயக்கத்திற்கு மாற்றுவது வாகனத்தின் அடிப்படை அமைப்பையே மாற்றும் செயலாகும்.

இவற்றையும் பார்க்க

- டிஃபரென்ஷியல்
- ஜீப்பு
- மாஞ்சோலை
- தாமிரபரணி ஆறு