திரளாகவும் தனித்தும்: கடல் கடந்த பயணத்தின் வரலாறு

சமணத்தில் நெடும்பயணம் சங்கத்தோடு செல்வதாகவே வழங்கி வந்தது. செலவை ஏற்று யாத்திரையை நடத்தும் செல்வர் சங்கபதி எனப் போற்றப்பட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் குசராத்து அமைச்சர் வஸ்துபாலர் சத்ருஞ்சயத்திற்கும் கிர்நாருக்கும் அவ்வாறே பெருந்திரளை அழைத்துச் சென்றார். சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகியரோடு மதுரைக்கு வழித்துணையாகும் கவுந்தியடிகள், எவ்வழியே சென்றால் எவ்வுயிர்க்கு ஊறு நேரும் என்பதைப் பயணத் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கிறார். வழி காட்டுவதினும் விரதம் காப்பதே அங்குத் துணையின் கடமையாக அமைந்தது.

வணிக முறையிலான குழுச் சுற்றுலா இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வேர்கொண்டது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் ஏறத்தாழ 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், லஃப்பரோ என்னும் ஊருக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். அவர்கள் சென்றது ஒரு மதுவிலக்குக் கூட்டத்திற்கு. இன்று உலகெங்கும் விரிந்துள்ள ஒரு பெருந்தொழிலின் தொடக்கத்தில் கள்ளுண்ணாமை நின்றது என்பதைச் சமணர் மகிழ்ந்தே நினைக்கலாம். 1855 இல் குக் தம் குழுவைக் கடல் கடந்து ஐரோப்பாவுக்கும், 1872 இல் 222 நாள்கள் நீண்ட உலகப் பயணத்திற்கும் அழைத்துச் சென்றார். அப்பயணத்தில் இந்தியாவும் இடம்பெற்றது. இத்தாலியில் வாழ்ந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர் இக்குழுவினரை மந்தை என்று எள்ளி எழுதினார். அதுவரை செல்வர்க்கே வாய்த்த காட்சிகளை எளியோரும் காணத் தொடங்கினரே என்ற எரிச்சலும் அவ்வெள்ளலில் கலந்திருந்தது.

தனித்துச் செல்வார்க்கு வேறொரு துணை கிடைத்தது. செருமனியின் கோப்லென்ஸ் நகரில் 1827 இல் பதிப்பகம் தொடங்கிய கார்ல் பெடேக்கர், தரகரையும் வழிகாட்டியையும் நம்பாது ஒருவர் தாமே ஊர் காணும் வண்ணம் கையேடுகளை வெளியிட்டார். குக் நிறுவனமும் 1868 முதல் விடுதிச் சீட்டுகளை விற்றது. குழுவில் சேராதவரும் அவற்றை வாங்கிப் பயன்கொண்டனர். ஆகவே இவ்விரு முறைகளையும் ஒன்றற்கொன்று பகையாகக் கொள்வது முற்றும் பொருந்தாது.

சமண வரலாற்றில் தனிப்பயணத்தின் விலையை அறிந்தவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. 1893 செப்டம்பரில் சிகாகோவில் கூடிய சர்வ சமயப் பேரவைக்கு அழைக்கப்பட்டவர் சுவேதாம்பர ஆசாரியர் ஆத்மாராம்ஜி. துறவியர் கால்நடையாகவே செல்ல வேண்டும் என்பதால் அவர் கப்பலேற இயலவில்லை. அவருடைய பிரதிநிதியாக இல்லறத்தாராகிய காந்தி, இருபத்தொன்பது வயதில் சென்றார். உடன் செல்லச் சங்கமில்லை. வழியில் தங்கச் சமண இல்லமுமில்லை. திரும்பியபோது, கடல் கடந்தது குற்றம் எனப் பம்பாயில் தம் சமூகத்தாரே எதிர்த்தனர். எனினும் 1896 இல் அவர் மீண்டும் கப்பலேறினார். 1901 இல், நாற்பதை எட்டுமுன்னரே மறைந்தார்.

இன்று கடல் கடத்தல் குற்றமன்று. சிக்கல் உணவில் நிற்கிறது. சமையற்காரரை உடன் அழைத்துச் சென்று, கிழங்கும் வெங்காயமும் தவிர்த்த உணவு தரும் பயணக்குழுக்கள் உண்டு. மொழியறியா முதியோர்க்கும் நியமம் தவறாதார்க்கும் அவையே தக்கன. ஆனால் பருவத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜூன் மாத இலண்டனில் கதிரவன் மறைவது இரவு ஒன்பது மணியையொட்டி. குழுவினரின் இரவு உணவும் பகலுணவாகிவிடும். டிசம்பரிலோ மாலை நான்குக்கே பொழுது சாயும். அந்நேரத்தில் பேருந்து பெரும்பாலும் வழியில் ஓடிக்கொண்டிருக்கும். இரவுண்ணா விரதியர் முன்பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டியது விடுதியின் தரத்தைக் காட்டிலும் உணவு நேரத்தையே.

தனித்துச் செல்வார்க்கு ஆயத்த வேலை மிகுதி. வழித் திருப்பம் அவர் விருப்பம். குக் தம் முதற்குழுவோடு புறப்பட்ட லெஸ்டரில் இன்று ஒரு சமண ஆலயம் உள்ளது. பழைய கிறித்தவ வழிபாட்டு மனை ஒன்றை மாற்றியமைத்து, பளிங்கு முகப்பு எழுப்பி, 1988 இல் பிரதிட்டை நிகழ்ந்தது. சுவேதாம்பரர், திகம்பரர் இரு பிரிவினர்க்கும் அங்கு வழிபாட்டிடம் உண்டு. இலண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். ஐரோப்பியக் குழுச் சுற்றுலாக்களின் பட்டியலில் அவ்வூர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.