எழுத்தைப் படமாக்கும் பழக்கம்: புனேயின் சில்லறை வணிக மின்னஞ்சல்களும் பக்க அமைப்பும்

குடி பாட்வா, கணேசர் விழா, தீபாவளி ஆகிய நாள்களை ஒட்டிப் புனேயின் துணிக்கடைகளும் இணைய அங்காடிகளும் வாடிக்கையாளருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்புகின்றன. அவற்றில் ஆங்கில வரி எழுத்தாகவும் மராத்தி வரி படமாகவும் வருவது பரவலான வழக்கம். வாழ்த்தோடு தள்ளுபடியும் கடைசித் தேதியும்கூட ஒரே படத்துக்குள் அடைபட்டுவிடுகின்றன. இம்மடல்களின் பக்க அமைப்பில் காணும் குறைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்திலிருந்தே கிளைக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இது புனேயில் நிகழ்வது கூடுதல் வருத்தம் தருகிறது. 1988இல் இந்நகரில் நிறுவப்பட்ட அரசுக் கணினி ஆய்வு மையமான சி-டாக், கான்பூர் ஐஐடியில் பிறந்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்து, சாதாரணக் கணினியிலும் இந்திய மொழிகளைத் தட்டச்சு செய்ய வழி திறந்தது. யூனிகோடின் தேவநாகரி (மராத்தியின் எழுத்து), தமிழ்ப் பகுதிகள், இந்திய எழுத்துகளுக்கான 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியீட்டை அடியொற்றியவை. இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இவ்வெழுத்துகள் கூடவே வருகின்றன. எழுத்தை எழுத்தாக அனுப்பத் தடையேதும் இல்லாத காலத்தில் அதைப் படமாக்குகிறோம்.

வடிவமைப்பாளரின் அச்சம் பொய்யானதன்று. விண்டோஸில் இயங்கும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பு முதல், மடலை வேர்டு மென்பொருளின் வழியே வரைகிறது. இணையப் பக்கத்தில் ஒழுங்காக நிற்பது அங்கே குலைந்துபோகும். அனுப்புநர் மடலோடு இணைக்கும் இணைய எழுத்துருவை ஜிமெயில் பொதுவாக ஏற்பதில்லை. படமாக்கினால் எல்லா இடத்திலும் ஒரே தோற்றம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு கைப்பேசியில் தோற்கிறது. 600 பிக்சல் அகலத்தில் வரைந்த படம் 360 பிக்சல் திரைக்குச் சுருங்கும்போது, அதிலுள்ள 16 பிக்சல் எழுத்து 10 பிக்சலுக்கும் கீழே போகிறது. தேவநாகரியின் மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. படம் தடுக்கப்பட்ட அலுவலகக் கணினியில் மிஞ்சுவது வெற்றுச் சட்டம். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு, மாற்று உரை எழுதப்படாவிட்டால், மடலில் ஒன்றுமே இல்லை. கடைக்குக் கிளம்பும் முன் "பாட்வா" என்று மராத்தியில் தேடுபவருக்கும் அந்த மடல் அகப்படாது.

எழுத்தே அடிப்படை என்று கொண்டால் அமைப்பு தானே மாறும். ஒற்றைப் பத்தி, முதல் திரையிலேயே பொருள், விலை, கடைசி நாள், அதன்கீழ் ஒரே முதன்மைப் பொத்தான். புனேயில் 2010இல் தொடங்கிய ஃபர்ஸ்ட்க்ரை போன்ற குழந்தைப் பொருள் அங்காடியை எண்ணிப் பாருங்கள். குழந்தைச் சட்டை வாங்கும் தாய் முதலில் தேடுவது எந்த மாதத்துக்கான அளவு என்பதைத்தான். அந்த அளவு படத்துக்குள் ஒளிந்திருந்தால் அமைப்பின் அழகால் அவருக்கு என்ன பயன்?

பொத்தானையும் படமாக்காமல், அட்டவணைக் கட்டத்துக்கு நிறமூட்டி உள்ளே எழுத்தை வைக்கலாம். அகலத்தை முன்கூட்டியே நிலைநிறுத்தக் கூடாது. ஆங்கிலத்தில் "பை நவ்" என்று இரு சிறு சொற்களில் முடிவது தமிழில் "இப்போதே வாங்குங்கள்" என நீளும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் அது உடைந்து இரண்டாம் வரிக்கு இறங்கும். வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடச் சற்று அதிகம் வேண்டும்.

எழுத்து மடலைக் கனமாக்கும் என்றும் ஓர் எதிர்வாதம் உண்டு. யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தேவநாகரி அல்லது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பது உண்மையே. ஆயினும் 2,000 குறியீடுகள் கொண்ட நீண்ட உரைகூட ஏறத்தாழ 6 கிலோபைட்தான். ஜிமெயில் மடலை வெட்டும் 102 கிலோபைட் எல்லையை நிரப்புவது வார்ப்புருக் கருவிகள் குவிக்கும் அட்டவணைக் குறிநிரல். வெட்டு விழுந்தால் அடியிலுள்ள விலகல் இணைப்பு மறைகிறது. விலக வழி காணாதவர் "ஸ்பேம்" என்பதை அழுத்துகிறார். 2024 பிப்ரவரி முதல் நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர், புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டாமல் காக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம்.

பட மடலே அதிகம் திறக்கப்படுகிறது என்று காட்டும் அறிக்கைகளையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்காத மடலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடுகிறது; அவை திறக்கப்பட்டவையாகவே கணக்கில் ஏறுகின்றன. சொடுக்குகளையும் விற்பனையையும் கொண்டு, ஒரே வாடிக்கையாளர் பட்டியலை இரண்டாகப் பிரித்து, மராத்தி எழுத்து மடலையும் மராத்திப் பட மடலையும் ஒரே நாளில் அனுப்பி ஒப்பிடுவதே நேர்மையான சோதனை.