கொடையும் கூலியும்: அம்பாலால் சாராபாயின் இரு முடிவுகள்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தோடு பிறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அதற்கு முன்னரும் அது இருந்தது. ஆனால் முற்றிலும் தலைவரின் மனத்தைப் பொறுத்தே இருந்தது. குஜராத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, அகமதாபாத் காலிகோ ஆலையை நடத்திய அம்பாலால் சாராபாயின் வாழ்க்கை இதற்குச் சான்று.

1915இல் காந்தியடிகள் தம் கோச்ரப் ஆசிரமத்தில், தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். உதவிவந்த செல்வர்கள் கைவிட்டனர்; ஆசிரமத்தில் பணம் தீர்ந்தது. அந்நிலையில் ஒருவர் மோட்டார் வண்டியில் வந்தார். ஆசிரமத்துள் நுழையாமலே 13,000 ரூபாயைக் காந்தியடிகளிடம் தந்துவிட்டுச் சென்றார். காந்தியடிகள் தம் சுயசரிதையில் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர் அம்பாலாலே என்பது வரலாற்றாசிரியர் கருத்து. ஊரார் வெறுத்த செயலுக்குத் துணைநின்ற அக்கொடை எளிதன்று.

மூன்றாண்டுகளுக்குள் அதே அம்பாலால் ஆலை முதலாளிகளின் தலைவராகக் காந்தியடிகளை எதிர்த்து நின்றார். பிளேக் நோய்க்கு அஞ்சித் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க வழங்கிய 'பிளேக் போனஸ்' 1918இல் நிறுத்தப்பட்டது. போர்க்கால விலைவாசியோ இறங்கவில்லை. முதலாளிகள் 20 விழுக்காடு உயர்வு தர இசைந்தனர். தொழிலாளர் 35 கேட்டனர். அவர்களை வழிநடத்தியவர்களுள் அம்பாலாலின் சொந்தத் தமக்கை அனசூயாவும் ஒருவர்!

நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்றார் காந்தியடிகள். தமக்கும் தொழிலாளர்க்கும் உள்ள உறவு பெற்றோர் பிள்ளை உறவு, அதில் மூன்றாமவர்க்கு இடமேது என முதலாளிகள் மறுத்தனர். இம்மறுப்பே சிந்திக்கத்தக்கது. தந்தையாகத் தம்மைக் கருதுபவர் விரும்பியபோது அள்ளித் தருவார். பிள்ளை கணக்குக் கேட்டால் சினங்கொள்வார். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நாம் போற்றும் நால்வகைத் தானங்களுள் கூலி இல்லை. அது உழைத்தவனுக்குரிய கடன். 13,000 ரூபாயைத் தயங்காது தந்த கை, இக்கடனில் தயங்கியது.

மார்ச்சு 15இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18இல் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் நடுவர் ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காடே தகும் எனத் தீர்ப்பளித்தார். 1920இல் அனசூயாவின் முன்னிற்பில் மஜூர் மகாஜன் என்னும் தொழிலாளர் சங்கம் அமைந்தது.

இன்றைய சட்டம், வரம்புக்குட்பட்ட பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தன் ஊழியர்க்கு மட்டும் பயன்படும் செலவை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பகுதியில் சட்டம் கேட்பதற்கு மேல் தருவது இன்றும் தலைவரின் மனத்திற்கே விடப்பட்டுள்ளது.